தடுத்தலும் இடையூறும்: ‘இம்பீட்’ என்னும் ஆங்கில வினையின் பொருளும் தமிழாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

முன்னேற்றத்தைத் தாமதப்படுத்துதல் என்னும் பொருளுடைய ‘இம்பீட்’ என்ற ஆங்கில வினை, தமிழாக்கத்தில் பெரும்பாலும் ‘தடு’ என்னும் ஒரே வினையால் பெயர்க்கப்படுகிறது. செயலை நிகழவிடாமல் செய்தலைக் குறிக்கும் ‘பிரிவென்ட்’, வழியை அடைத்தலைக் குறிக்கும் ‘ஆப்ஸ்ட்ரக்ட்’ ஆகிய வினைகளும் அதே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இதனால் பொருள் மயங்குகிறது. அம்மயக்கம் சட்டத் தமிழில் நடைமுறை விளைவுகளை உண்டாக்குகிறது. ஆங்கிலம் வெவ்வேறு வினைகளால் காட்டும் இவ்வேறுபாட்டைத் தமிழ், வேற்றுமை உருபு, வினையெச்சம், எழுவாயின் தன்மை ஆகியவற்றால் காட்டுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சொல்லுக்குச் சொல் நிகரன் தேடுவதை விடுத்துத் தொடரமைப்புக்கு நிகரான தொடரமைப்பைத் தேடுவதே இங்குப் பொருந்தும் என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: தடு, மறி, இடையூறு, தடங்கல், முட்டுக்கட்டை, வேற்றுமை, சட்டத் தமிழ், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தமிழில் ‘தடு’ என்னும் வினையின் ஆட்சி மிக விரிந்தது. நோயைத் தடுக்கிறோம், பகைவரைத் தடுக்கிறோம், குழந்தை வெயிலில் ஓடுவதைத் தடுக்கிறோம், ஒருவர் பேச்சைத் தடுக்கிறோம். இவற்றுள் நிகழாமற் செய்தல், எதிர்த்து நிறுத்துதல், விலக்குதல், இடைமறித்தல் எனப் பல பொருள்கள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) உள்ளிட்ட இருமொழி அகராதிகள் இச்சொல்லுக்கு ஆங்கில வினைகள் பலவற்றை அடுக்கித் தருவதற்கு இவ்விரிவே காரணம்.

அகராதியைப் பயன்படுத்துவோர் எதிர்த்திசையில் செல்லும்போது சிக்கல் எழுகிறது. ஆங்கிலத்தில் தனித்தனியே நிற்கும் வினைகள், தமிழுக்கு வரும்போது ‘தடு’ என்னும் ஒரே வாயிலில் நுழைகின்றன. ஒரு சாலைப் பணி தாமதமாயிற்று என்னும் செய்தியும் அப்பணி நடைபெறவே இல்லை என்னும் செய்தியும் ‘பணியைத் தடுத்தனர்’ என்ற ஒரே தொடராகிவிடலாம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

இக்கட்டுரை முதலில் ஆங்கில வினையின் பொருளை வரையறுக்கிறது. அடுத்து, தமிழ்ச் சொற்குடும்பத்தையும் அதன் தொடரமைப்புகளையும் ஆராய்கிறது. பின்னர் ஓர் இலக்கியச் சான்றையும் சட்டத் துறைச் சான்றையும் எடுத்துக்கொள்கிறது. இலக்கியச் சான்று சவ்வாது மலைப்பகுதியோடு தொடர்புடைய மலைபடுகடாம். ஆதலின் சோதனைக்கென ஆக்கப்பட்ட எடுத்துக்காட்டுத் தொடர்களும் அம்மலையின் அடிவாரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சந்தவாசல், படவேடு ஆகிய ஊர்களைக் களமாகக் கொண்டுள்ளன.

‘இம்பீட்’: சொற்பிறப்பும் பொருள் எல்லையும்

‘இம்பீட்’ என்னும் வினை, ‘இம்பெடிரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் உள்ளே ‘பாதம்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேர் உள்ளது. காலுக்குத் தளையிடுதல், காலைச் சிக்கவைத்தல் என்பதே அதன் அடிப்படைக் காட்சி. உரோமானியப் படை தன்னுடன் சுமந்து சென்ற மூட்டைமுடிச்சுகளை அதே வேரிலிருந்து பிறந்த ‘இம்பெடிமென்டா’ என்னும் சொல் குறித்தது. சுமை படையை நிறுத்துவதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது. இவ்வினைக்கு எதிராக, காலைச் சிக்கலிலிருந்து விடுவித்தல் என்னும் காட்சியில் பிறந்ததே விரைவுபடுத்துதலைக் குறிக்கும் ‘எக்ஸ்பெடைட்’.

இக்குழுவின் பிற வினைகள் வேறு காட்சிகளில் பிறந்தவை. ‘ஆப்ஸ்ட்ரக்ட்’ என்பது எதிரே கட்டி எழுப்புதல் என்னும் பொருளிலிருந்து வந்தது. அது வழியில் நிற்கும் பொருளை நினைவூட்டும். ‘பிரிவென்ட்’ என்பது முன்னதாக வருதல் என்னும் பொருளிலிருந்து வந்தது. ஒன்று நிகழ்வதற்கு முன்பே அதை நிகழாமற் செய்தலை இன்று அது குறிக்கும். ‘ஹின்டர்’ பின்னே நிறுத்துதலையும், ‘டிடர்’ அச்சுறுத்திப் பின்வாங்கச் செய்தலையும் அடியாகக் கொண்டவை.

‘இம்பீட்’ என்னும் வினையின் பொருள் எல்லையைத் தெளிவாகக் காட்டுவது இயற்பியல் வழக்கு. மாறுதிசை மின்னோட்டத்திற்குச் சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பைக் குறிக்க ‘இம்பீடன்ஸ்’ என்னும் கலைச்சொல்லை ஆலிவர் ஹெவிசைடு 1886ஆம் ஆண்டில் ஆக்கினார். இவ்வெதிர்ப்பு மின்னோட்டத்தை இல்லாமல் செய்வதன்று. மின்னோட்டம் இருக்கிறது, எதிர்ப்புக்கு ஏற்ப அதன் அளவு அமைகிறது. எனவே இவ்வினையின் பொருளில் இரு கூறுகள் இன்றியமையாதவை. ஒன்று, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் அல்லது நடக்கத் தொடங்கிய இயக்கம். மற்றொன்று, அவ்வியக்கம் அறவே நில்லாமல் குறைபடுதல் அல்லது கடினமாதல். வளர்ச்சி, முன்னேற்றம், விசாரணை, நடமாட்டம், மீட்புப் பணி முதலிய தொடர்நிகழ்வுப் பெயர்களே இவ்வினைக்குச் செயப்படுபொருளாக மிகுதியும் அமைவது இதனால்தான். விபத்து, கொலை, தேர்தல் தோல்வி முதலிய முடிநிகழ்வுகள் ‘பிரிவென்ட்’ என்னும் வினைக்கு உரியவை.

‘தடு’ என்னும் சொற்குடும்பம்

தடு, தடை, தடுப்பு, தடங்கு, தடங்கல் ஆகியவை ஒரு குடும்பம். கால் தடுக்குதல், தடுமாறுதல் என்பனவும் உருவாலும் பொருளாலும் இவற்றுக்கு நெருக்கமானவை. கல் தடுக்கியவன் பெரும்பாலும் எழுந்து நடக்கிறான். தடுமாறுபவன் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறான். இலத்தீன் சொல்லில் காணப்படும் கால் சிக்கும் காட்சி தமிழுக்கும் புதியதன்று. திராவிட இனமொழிகள் இக்குடும்பத்தின் மற்றொரு கூற்றை வெளிப்படுத்துகின்றன. கன்னடத்தில் ‘தட’ என்பதும் தெலுங்கில் ‘தடவு’ என்பதும் தாமதத்தைக் குறிக்கும். நிறுத்துதலும் தாமதப்படுத்துதலும் ஒரே சொற்குடும்பத்தில் அருகருகே வாழ்வதை இவை உணர்த்துகின்றன.

இந்த இருமை இன்றைய தமிழின் கூட்டுச்சொற்களில் அப்படியே தொடர்கிறது. ‘தடுப்பூசி’ நோய் வராமல் காப்பது. ‘தடுப்பணை’யோ ஓடைநீரை முற்றாக நிறுத்துவதற்கன்று; நீரின் விரைவைக் குறைத்து, ஒரு பகுதியைத் தேக்கி நிலத்தில் ஊறச்செய்து, மிகுநீரை மேலே வழிந்தோட விடுவது. ‘தடுப்புக் காவல்’ என்பதில் உள்ள தடுப்பு, குற்றம் நிகழாமல் முன்கூட்டியே காத்தல். சாலையில் அமைக்கப்படும் ‘வேகத்தடை’ வாகனத்தை நிறுத்துவதில்லை. வேகத்தை மட்டும் குறைக்கிறது. ‘தடை உத்தரவு’ அச்செயலையே விலக்குகிறது. ‘மின்தடை’ என்னும் சொல் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அன்றாட வழக்கில் அது மின்சாரம் அறவே நின்றுபோதலைக் குறிக்கிறது. இயற்பியல் பாடநூலில், மின்னோட்டத்தை இடமளித்தே எதிர்க்கும் பண்பைக் குறிக்கிறது. ஒரே சொல், ஒரே மொழி, இரு எதிர்நிலைகள். சூழலே பொருளைத் தீர்மானிக்கிறது.

இக்குடும்பத்தில் ‘தடங்கல்’ தனித்து நிற்கிறது. ஒலிபரப்பும் ஒளிபரப்பும் இடையில் அறுந்தபோது நேயர்கள் கேட்டும் படித்தும் பழகிய ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்னும் அறிவிப்பில், நிகழ்ச்சி மீண்டும் தொடரும் என்னும் உறுதி உட்கிடையாக உள்ளது. நிகழ்ச்சி கைவிடப்பட்டிருந்தால் ‘தடங்கல்’ என்னும் சொல் அங்குப் பொருந்தாது. ‘ரத்து’ என்றே கூற வேண்டியிருக்கும்.

தொடரமைப்பு காட்டும் வேறுபாடு

‘தடு’ என்னும் வினையின் பொருள் மயக்கம் தமிழின் குறைபாடன்று. தமிழ் இம்மயக்கத்தை வினைச்சொல்லால் நீக்காமல் தொடரமைப்பால் நீக்குகிறது. பின்வரும் சோதனைத் தொடர்கள் இதைக் காட்டும்.

1. சந்தவாசல் சாலையில் மரம் விழுந்ததால் போக்குவரத்துக்கு இடையூறு ஏற்பட்டது. ஆயினும் பேருந்து படவேட்டுக்குச் சென்று சேர்ந்தது.

2. சந்தவாசல் சாலையில் விழுந்த மரம் பேருந்தைச் செல்லவிடாமல் தடுத்தது. ஆயினும் பேருந்து அவ்வழியே சென்றது.

3. பெரியவர்கள் தடுத்தும் இளைஞர்கள் இரவில் மலையேறினர்.

முதல் தொடரில் முரண் இல்லை. இரண்டாவது தொடர் தன்னைத்தானே மறுக்கிறது; ‘செல்லவிடாமல்’ என்னும் எதிர்மறை வினையெச்சம் செல்லாமையை உறுதிசெய்துவிட்டதால், ‘சென்றது’ என்னும் முற்று அங்கு நிற்க முடியாது. மூன்றாவது தொடரில் ‘தடு’ இருந்தும் முரண் இல்லை. அங்குத் ‘தடு’ என்பது தடுக்க முயலுதல், விலக்கிச் சொல்லுதல் என்னும் பொருளில் நிற்கிறது. முயற்சிப்பொருள் தோன்றுவதற்கு மனவுறுதியுடைய எழுவாய் வேண்டும். ‘பெரியவர்கள் தடுத்தும்’ இயல்பான தொடர். ‘சுவர் தடுத்தும் அவர்கள் உள்ளே நடந்தனர்’ என்பது உருவகமாகவன்றி நிற்காது. அஃறிணை எழுவாய் வரும்போது ‘தடு’ விளைவுப்பொருளையே தருகிறது.

இதிலிருந்து மூன்று விதிகளைப் பெறலாம்.

முதலாவது: தடைபடும் செயல் நான்காம் வேற்றுமை ஏற்று வரும்போது (‘பணிக்கு இடையூறு’, ‘வளர்ச்சிக்குத் தடங்கல்’, ‘விசாரணைக்கு முட்டுக்கட்டை’) செயல் நின்றுவிட்டது என்னும் பொருள் கட்டாயமில்லை. தடை செயலை நோக்கி வருகிறது, செயலை விழுங்கிவிடுவதில்லை.

இரண்டாவது: செயல் இரண்டாம் வேற்றுமை ஏற்றுத் ‘தடு’ என்னும் வினைக்குச் செயப்படுபொருளாகும்போது, அது முடிநிகழ்வாயின் நிகழாமை உறுதியாகும். ‘விபத்தைத் தடுத்தார்’ என்றால் விபத்து நிகழவில்லை. அது தொடர்நிகழ்வாயின் பொருள் இரட்டுறும். ‘வளர்ச்சியைத் தடுக்கிறது’ என்றால் வளர்ச்சி இல்லை என்பதா, குறைந்தது என்பதா என்று சொல் மட்டும் கூறாது.

மூன்றாவது: ‘-விடாமல்’ என்னும் எச்சம் வந்தால் விளைவு உறுதி. ஐயத்திற்கு இடமில்லை.

‘இம்பீட்’ என்னும் வினைக்குரிய தமிழ், முதல் விதியின் எல்லைக்குள் உள்ளது. ‘இந்நடைமுறை வளர்ச்சியைத் தடுக்கிறது’ என்னும் தமிழாக்கத்தைவிட ‘இந்நடைமுறை வளர்ச்சிக்கு இடையூறாக உள்ளது’ என்பது பொருள் வழுவாதது. இங்கு மாறியது வினைச்சொல் மட்டுமன்று, ஐகாரம் குகரமாகியுள்ளது.

‘இடையூறு’ என்னும் சொல்லின் அமைப்பே இதற்குத் துணைநிற்கிறது. இடையில் உறுவது இடையூறு. ‘இடை’ என்றாலே தொடக்கமும் முடிவும் உடைய ஒரு போக்கு முன்கொள்ளப்படுகிறது. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் வரும் 676ஆம் குறள், ஒரு செயலைத் தொடங்குவோர் அதன் முடிவு, அதற்கு நேரும் இடையூறு, முடிந்தபின் எய்தும் பயன் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறது. இடையூறும் பயனும் ஒரே எண்ணத்தில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. இடையூறு நீங்கிச் செயல் முடிதலைக் கருதியே பரிமேலழகரும் உரை காண்கிறார். இடையூறு செயலின் முடிவு எனக் கருதப்பட்டிருந்தால் பயனைப் பற்றிய எண்ணத்திற்கு அங்கு இடமே இராது.

மலைபடுகடாத்தின் வழி

நடக்கும் கால்களுக்கு நேரும் இடையூறுகளைத் தமிழில் மிக விரிவாக எடுத்துரைக்கும் பழைய நூல்களுள் ஒன்று மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய இந்நூல் 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்குவது. இதன் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனுடைய செங்கண்மா இன்றைய செங்கம் எனக் கொள்ளப்படுகிறது. நூலில் பேசப்படும் சேயாறு, சவ்வாது மலையில் தோன்றிச் சமவெளிக்கு இறங்கும் செய்யாறே என்பது அறிஞர் கருத்து.

பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தர் கூட்டத்திற்கு வழி சொல்வதாக இந்நூல் அமைகிறது. அவன் சொல்லும் வழியில் இடர்கள் பல. காட்டுப்பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ளன. பாம்புகள் உறையும் பள்ளங்கள் உள்ளன. தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கற்கள் வரும். வழுக்கும் நீர்க்கரைகள் குறுக்கிடும். வழிகள் பிரியும் இடங்களில் பின்வருவோர் திகைக்காதவாறு புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் அவன் கூறுகிறான்.

இவ்விடர்களுள் ஒன்றும் பயணத்தை முடித்துவைப்பதாகக் கூறப்படவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. ஒவ்வோர் இடருக்கும் ஒரு கடக்கும் முறை உடன் சொல்லப்படுகிறது: பகலில் செல்லுக, பற்றிக்கொண்டு இறங்குக, ஒதுங்கி நிற்க, கூடிச் செல்லுக என்னும் பாங்கில். இடர் கால்களைத் தாமதப்படுத்துகிறது. வழிகாட்டுவோன் சொல் அத்தாமதத்தைக் குறைக்கிறது. ‘ஆற்றுப்படை’ என்னும் இலக்கிய வகையின் பெயரே ஆற்றில், அதாவது வழியில், செலுத்துதலைக் குறிக்கிறது. காலைத் தளையிடும் ‘இம்பீட்’ என்னும் வினைக்கும் காலை விடுவிக்கும் ‘எக்ஸ்பெடைட்’ என்னும் வினைக்கும் இடையே உள்ள உறவு, இடையூற்றுக்கும் ஆற்றுப்படுத்தலுக்கும் இடையே உள்ள உறவுதான். இப்பொருட்பாகுபாடு தமிழ் மரபுக்கு அயலானதன்று என்பதற்கு இது சான்று.

முட்டுக்கட்டையும் தளையும்

தடையே இயக்கத்திற்கு ஒழுங்கு தருவதும் உண்டு. இன்றைய அரசியல் தமிழில் ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்பது வேண்டுமென்றே ஒரு செயலை முடக்க முயலுதல். இச்சொல் தேரோட்டத்திலிருந்து வந்த பொருளை இன்னும் தாங்கி நிற்கிறது. திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் மகாரதம் போன்ற பெருந்தேர்கள் மாடவீதியில் வரும்போது, சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுவோர் உடன் வருவர். தேரின் விரைவை அடக்குவதும், திருப்பத்தில் தேரைத் திருப்புவதும், வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் அக்கட்டைகளால்தான். முட்டுக்கட்டை இல்லாமல் தேர் நிலைக்கு வந்து சேராது. உவமைப்பொருளில் பழிக்கப்படும் கருவி, நேர்ப்பொருளில் ஓட்டத்திற்கு இன்றியமையாதது.

யாப்பிலக்கணமும் இதே உண்மையை வேறு முறையில் கூறுகிறது. காலுக்கு இடும் விலங்கைக் குறிக்கும் ‘தளை’, யாப்பில் சீரோடு சீரைப் பிணிக்கும் உறுப்பின் பெயர். பாதத்தைக் குறிக்கும் ‘அடி’யும் யாப்பின் உறுப்பே. அடிக்குத் தளை இருப்பதால் செய்யுள் நின்றுவிடுவதில்லை. அதன் நடை வரையறை பெறுகிறது. தளை தட்டும்போதுதான் ஓசை இடறுகிறது.

தடைக்கும் ஒழுங்குக்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு நீதிமன்றத்திலும் விவாதப் பொருளாயிற்று. இந்திய அரசமைப்பின் 301ஆம் உறுப்பு, நாடெங்கும் வணிகமும் போக்குவரவும் தடையற்றிருக்க வேண்டும் என்கிறது. எல்லா வரியும் எல்லாக் கட்டுப்பாடும் அச்சுதந்திரத்திற்குத் தடையாகுமா என்னும் வினா எழுந்தது. ராஜஸ்தான் மோட்டார் வாகன வரி தொடர்பான வழக்கில் 1962ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வணிகத்திற்கு இடையூறு செய்யாமல் அதை எளிதாக்கும் ஒழுங்குமுறைகளையும், சாலை முதலிய வசதிகளுக்கு ஈடாக விதிக்கும் வரிகளையும் அவ்வுறுப்பின் தடைக்குள் அடக்கவில்லை. ஈட்டு வரி பற்றிய கோட்பாட்டை ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2016ஆம் ஆண்டு ஜிண்டால் வழக்கில் ஏற்காது விடுத்தது. சட்டநிலை எவ்வாறு மாறினும், ‘இயக்கத்தைக் குறைப்பது எது, நெறிப்படுத்துவது எது’ என்னும் பொருளியல் வினாவே அவ்வழக்குகளின் நடுவில் இருந்தது. இவ்வினாவைத் தமிழில் எழுப்ப வேண்டுமாயின் ‘தடு’ என்னும் ஒரு சொல் போதாது.

சட்டத் தமிழில் நேரும் மயக்கம்

இம்மயக்கத்தின் விளைவு குற்றவியல் சட்டத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இவ்வினைகளை ஒன்றோடொன்று கலவாமல் ஆள்கிறது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அப்பாகுபாட்டைப் பெரிதும் தக்கவைத்துள்ளது.

பழைய சட்டத்தின் 339ஆம் பிரிவு, ஒருவர் செல்ல உரிமையுள்ள திசையில் அவர் செல்ல முடியாதவாறு அவரை வேண்டுமென்றே மறித்தலைக் குற்றமாக வரையறுக்கிறது. இது புதிய சட்டத்தில் 126ஆம் பிரிவு. ஆங்கில மூலத்தில் செயலுக்கு ‘ஆப்ஸ்ட்ரக்ட்’ என்னும் வினையும், விளைவுக்குப் ‘பிரிவென்ட்’ என்னும் வினையும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. செயல் வேறு, விளைவு வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம். இரண்டையும் ‘தடு’ என்று பெயர்த்தால் ‘செல்வதைத் தடுக்குமாறு தடுத்தல்’ என்னும் வெற்றுச் சுழற்சியே எஞ்சும்.

தமிழில் இதற்குரிய சொல் ‘மறி’. வழிமறித்தல், சாலை மறியல், ரயில் மறியல் ஆகிய வழக்குகளில் இவ்வினை வழியில் குறுக்கே நிற்றலைத் துல்லியமாகக் குறிக்கிறது. இலங்கைத் தமிழில் ‘விளக்கமறியல்’ என்பது நீதிமன்றக் காவலைக் குறிக்கும். அங்கு மறிக்கப்படுவது வழியன்று, ஆள். இரு நாட்டு வழக்கிலும் நடமாட்டத்தை எல்லைப்படுத்தலே இச்சொல்லின் பொதுப்பொருள்.

186ஆம் பிரிவு (புதிய சட்டத்தில் 221) அரசு ஊழியர் தம் கடமையை ஆற்றுகையில் அவருக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தலைப் பற்றியது. பழைய சட்டப்படி இதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் தண்டத்தின் மேல்வரம்பு 2,500 ரூபாய். கடமை நிறைவேறாமல் போயிருக்க வேண்டும் என்னும் சொல் இப்பிரிவில் இல்லை. 353ஆம் பிரிவு (புதிய சட்டத்தில் 132) வேறு. அரசு ஊழியர் கடமையாற்றும்போது அவரைத் தாக்குதல், அல்லது கடமையைச் செய்யவிடாமல் தடுக்கும் அல்லது அச்சுறுத்திப் பின்வாங்கச் செய்யும் நோக்கத்துடன் அவரைத் தாக்குதல், வன்முறை பயன்படுத்துதல் ஆகியவற்றை அது குறிக்கும். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி 186ஆம் பிரிவுக் குற்றத்தில் பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாது. பிணை உரிமை உண்டு. நீதிமன்றம் ஏற்பதற்கு அரசு ஊழியர் தரப்பின் எழுத்து முறையீடு வேண்டும். 353ஆம் பிரிவோ பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணையில் விடத்தகாதது.

இவ்வளவு வேறுபட்ட இரு குற்றங்களையும் செய்தித் தமிழ் பெரும்பாலும் ‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தல்’ என்னும் ஒரே தொடரால் சுட்டுகிறது. மேலே கண்ட மூன்றாம் விதிப்படி இத்தொடர் பணி நடைபெறவில்லை என்பதை உறுதியாகக் கூறுகிறது. 186ஆம் பிரிவு அதைக் கேட்கவில்லை. 353ஆம் பிரிவில் அது நோக்கமாகக் கூறப்படுகிறதே அன்றி விளைவாகக் கூறப்படவில்லை. அப்பிரிவுக்கு உயிரான தாக்குதல் என்னும் கூறோ இத்தொடரில் இடம்பெறவே இல்லை. ஆக, இத்தொடர் ஒரு பிரிவுக்கு மிகையாகவும் மற்றொன்றுக்குக் குறையாகவும் அமைகிறது. தம்மீது சாட்டப்பட்ட குற்றம் யாது என்பதைத் தமிழில் மட்டுமே படித்தறியும் ஒருவர், தாம் ஒருவரைத் தாக்கியதாகச் சொல்லப்படுகிறதா, குறுக்கே பேசித் தாமதப்படுத்தியதாகச் சொல்லப்படுகிறதா என்பதை இத்தொடரிலிருந்து அறிய முடியாது.

தமிழின் தொடரமைப்பு விதிகளைப் பின்பற்றினால் மூன்றையும் பிரித்துக் கூறுவது கடினமன்று.

1. 339ஆம் பிரிவு: செல்ல உரிமையுள்ள திசையில் செல்லவிடாதவாறு ஒருவரை வேண்டுமென்றே மறித்தல்.

2. 186ஆம் பிரிவு: கடமையாற்றும் அரசு ஊழியருக்கு அக்கடமையில் வேண்டுமென்றே இடையூறு செய்தல்.

3. 353ஆம் பிரிவு: அரசு ஊழியரைக் கடமையாற்றுகையில் தாக்குதல், அல்லது கடமையைச் செய்யவிடாமல் தடுக்கும், அஞ்சிப் பின்வாங்கச் செய்யும் நோக்குடன் தாக்குதல்.

முதல் தொடரில் ‘மறி’ செயலையும், ‘-விடாதவாறு’ என்னும் எச்சம் விளைவையும் தருகின்றன. இரண்டாவதில் நான்காம் வேற்றுமை, விளைவைக் கட்டாயமாக்காமல் நிற்கிறது. மூன்றாவதில் தடுத்தல், ‘நோக்கு’ என்னும் பெயரைத் தழுவும் பெயரெச்சத்துள் அடங்குவதால் அது நிகழ்ந்ததாகக் கூறப்படவில்லை. புதிய கலைச்சொல் ஒன்றும் இங்கு ஆக்கப்படவில்லை. வழக்கில் உள்ள சொற்களும் வழக்கில் உள்ள இலக்கணமுமே போதுமானவையாக உள்ளன.

முடிவுரை

‘இம்பீட்’ என்னும் வினை, நடந்துகொண்டிருக்கும் இயக்கத்தை நிறுத்தாமல் குறைப்பதைக் குறிக்கிறது. ‘தடு’ என்னும் தமிழ் வினை நிறுத்துதல், விலக்குதல், நிறுத்த முயலுதல், குறைத்தல் ஆகிய அனைத்தையும் தாங்கும் பொதுவினை. எனவே இரண்டும் நிகரன்கள் அல்ல. ‘இம்பீட்’ என்பதற்கு நிகரான பொருளைத் தமிழ், செயலை நான்காம் வேற்றுமையில் வைத்து இடையூறு, தடங்கல், முட்டுக்கட்டை ஆகிய பெயர்களால் தருகிறது. வேண்டுமென்றே செய்வதாயின் முட்டுக்கட்டை, தற்காலிகமாயின் தடங்கல், பொதுநிலையில் இடையூறு. வழியை அடைத்தலுக்கு ‘மறி’ உரியது. நிகழாமையை உறுதிப்படுத்த ‘-விடாமல் தடு’ உரியது.

ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் நிகரன்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கும் முறையில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது. ஒவ்வொரு தமிழ் வினைக்கும் அது ஏற்கும் வேற்றுமை, அதனுடன் வரும் எச்சம், எழுவாய் உயர்திணையா அஃறிணையா என்னும் குறிப்பு ஆகியவற்றை அகராதிப் பதிவில் சேர்த்தல் வேண்டும். ஆட்சிச்சொல், சட்டச்சொல் தொகுப்புகளில் இது இன்னும் இன்றியமையாதது; அங்கு ஒரு வேற்றுமை உருபின் மாற்றம் ஒருவர் செய்த செயலின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது.